கருத்துக்கணிப்பு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணிப்பு முடிவு நமக்குப் பிடித்த மாதிரி வந்தால் "பார்த்தாயா, மக்களே சொல்லிவிட்டார்கள்" என்போம். பிடிக்காத மாதிரி வந்தால் "இதெல்லாம் காசு கொடுத்து வாங்கியது" என்போம். இரண்டுமே அவசரம். கணிப்புகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1930களிலிருந்து விடாமல் கேட்டு, கேட்டதையெல்லாம் சேர்த்தும் வைத்திருப்பவர்கள் அவர்கள் என்பதுதான் காரணம்.

கருத்துக்கணிப்பு என்றாலே தேர்தல் சமாச்சாரம்தானே?

தேர்தல் அதில் ஒரு சிறு பங்குதான். அமெரிக்கக் கணிப்பாளர் ஜார்ஜ் காலப் 1935இல் தன் நிறுவனத்தைத் தொடங்கி வெளியிட்ட முதல் முடிவே யார் ஜெயிப்பார் என்பதைப் பற்றியதல்ல. வேலையில்லாதவர்களுக்கும் ஏழைகளுக்கும் அரசு கொடுக்கும் நிவாரணச் செலவு அதிகமா, குறைவா, சரியா என்று கேட்டிருந்தார். அதன் பிறகு குடும்பம், மதம், வேலை, தூக்கம், பயம், சிரிப்பு என்று கேட்காத விஷயமே இல்லை.

தேர்தல் கணிப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு என்றால், அதற்கு மட்டும்தான் விடைத்தாள் வெளியாகிறது. சில நாளில் வாக்குப் பெட்டியைத் திறந்து, சரியா தவறா என்று பார்த்துவிடலாம். "பக்கத்து வீட்டாரை நம்புகிறீர்களா?" என்ற கேள்விக்கு அப்படி எண்ணிப் பார்க்க ஒரு பெட்டி கிடையாது. அதனால் தேர்தல் அல்லாத கணிப்பில் தவறு நடந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே போய்விடும். தேர்தல் கணிப்பை விட மற்றவற்றைத்தான் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும் என்பேன்.

என்னை யாரும் கேட்டதே இல்லை. வெறும் 1,000 பேரைக் கேட்டுவிட்டு எல்லோர் சார்பிலும் எப்படிப் பேசுகிறார்கள்?

10 கோடிப் பேர் உள்ள நாட்டில் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்தால், அதில் நீங்கள் இருக்கும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்று. உங்களை யாரும் கேட்காததில் வியப்பில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையில் அது சரி. எல்லாப் பருக்கையும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்திருக்கின்றன. மனிதர்கள் அப்படி வேகவில்லை. அதனால் எத்தனை பேரை எடுத்தோம் என்பதைக் காட்டிலும் எப்படி எடுத்தோம் என்பதுதான் முக்கியம். ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்பட ஏதாவது ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும், யார் வருகிறார்கள் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி எடுத்தால் 1,000 பேரே போதும். மொத்த மக்கள்தொகை 50 லட்சமா 50 கோடியா என்பது கணக்கில் பெரிய வித்தியாசம் எதையும் செய்யாது. கேட்க நம்ப முடியாமல் இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1936 அமெரிக்க அதிபர் தேர்தலைச் சொல்லாமல் இருக்க முடியாது. லிட்டரரி டைஜெஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை எண்ணிப் பார்த்து, அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் தோற்பார், எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். நடந்தது என்ன? 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளை இதழ் எடுத்தது தொலைபேசிப் பட்டியல், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து. பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அது மட்டுமல்ல, ரூஸ்வெல்ட் மீது கோபமாக இருந்தவர்கள்தான் மெனக்கெட்டுச் சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். அதைவிடப் பல மடங்கு சிறிய மாதிரியை, அதாவது கேட்பதற்காகத் தேர்ந்தெடுத்த ஆட்களின் தொகுப்பை, வைத்துக்கொண்டு காலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். லிட்டரரி டைஜெஸ்ட் 1938இல் நின்றுபோனது.

காலப்பும் தப்பவில்லை. 1948இல் அதிபர் ட்ரூமன் தேர்தலில் தோற்பார் என்றார், ட்ரூமன் ஜெயித்தார். வாக்குப் பதிவுக்குச் சில வாரங்கள் முன்பே கேட்பதை நிறுத்தியது ஒரு காரணம். இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை வயதானவர் என்று ஒதுக்கீடு கொடுத்து, அதற்குள் யாரைக் கேட்பது என்பதைக் களப்பணியாளர் விருப்பத்துக்கே விட்டது இன்னொன்று. நேரில் போகிறவர் அணுகச் சுலபமான ஆளைத்தான் தேடிப் போவார். அது மனித இயல்பு.

"பிழை வரம்பு 3 சதவீதம்" என்றால் முடிவு 97 சதவீதம் சரி என்று அர்த்தமா?

இல்லை. 1,000 பேர் மாதிரியில் 52 சதவீதம் "ஆம்" என்றால், எல்லோரையும் கேட்டிருந்தாலும் விடை ஏறத்தாழ 49க்கும் 55க்கும் நடுவில் எங்காவது வந்திருக்கும் என்று பொருள். இதே மாதிரி நூறு முறை குலுக்கி எடுத்தால் 95 முறை இந்தக் கணக்கு நிற்கும். 400 பேர் என்றால் வரம்பு 5, 2,400 பேர் என்றால் 2. வரம்பைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆள் வேண்டும். செலவும் கிட்டத்தட்ட அப்படியே ஏறும் என்பதால்தான் பெரும்பாலான கணிப்புகள் ஆயிரத்தைச் சுற்றி நிற்கின்றன.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "இளைஞர்களில் 60 சதவீதம் பேர்" என்று செய்தி வரும். 1,000 பேரில் அந்த இளைஞர்கள் 100 பேர்தான் என்றால், அந்த எண்ணுக்கு வரம்பு 10. தலைப்பில் வருவது பெரும்பாலும் இந்த மாதிரி எண்தான்.

அப்புறம், இந்த வரம்பு குலுக்கலின் பிழையை மட்டுமே சொல்கிறது. கேள்வி கோணலாக இருந்தாலோ, பதில் சொன்னவர் மழுப்பியிருந்தாலோ, சில வகை ஆட்கள் கதவையே திறக்காமல் போனாலோ அதெல்லாம் இந்த 3க்குள் அடங்காது.

இப்போது தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை யாரும் எடுப்பதில்லையே?

உண்மை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1997இல் தொலைபேசியில் அணுகியபோது 36 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். 2018இல் அது 6 சதவீதம். மீதி 94 பேர் இந்த 6 பேரைப் போலவே நினைக்கிறவர்கள் என்று எப்படி நம்புவது என்பது நியாயமான சந்தேகம்.

அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. மாதிரியில் முதியவர்கள் அதிகமாகவும் இளைஞர்கள் குறைவாகவும் வந்துவிட்டால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்து ஒவ்வொரு இளைஞரின் பதிலுக்கும் கொஞ்சம் கூடுதல் எடை கொடுப்பார்கள். எதற்கெல்லாம் எடை கொடுப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் படிப்பைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்யவில்லை. கல்லூரி முடித்தவர்கள் கணிப்புக்குப் பதில் சொல்லும் ஆர்வம் உள்ளவர்கள், அந்த முறை அவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருந்தார்கள். விளைவு: கணிப்புகள் ஹிலாரி கிளிண்டனைக் கூடுதலாகக் காட்டின, ட்ரம்ப் ஜெயித்தார்.

"உங்கள் கருத்து என்ன, கிளிக் செய்யுங்கள்" வகைக் கணிப்புகள்?

பொழுதுபோக்கு. ஐந்து லட்சம் பேர் வாக்களித்தாலும் அதுதான். வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள்.

காசுக்கோ பரிசுப் புள்ளிக்கோ பதிலளிக்கும் இணையக் கணிப்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற இத்தகைய ஒரு கணிப்பில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உங்களுக்கு உரிமம் உள்ளதா என்று பியூ கேட்டுப் பார்த்தது. 30 வயதுக்கு உட்பட்டவர்களில் 12 சதவீதம் பேர் "ஆம்" என்றார்கள்! கேள்வியைப் படிக்காமலே பதிலைத் தட்டித் தள்ளி, முடித்துக் காசு வாங்கப் பார்ப்பவர்கள் அவர்கள். "இளைஞர்களில் ஐந்தில் ஒருவர் இந்த விபரீதமான கருத்தை நம்புகிறார்" என்று ஒரு செய்தி அடுத்த முறை கண்ணில் பட்டால், அந்தக் கப்பல் ஓட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதில் மாறிவிடும் என்கிறார்களே, அவ்வளவு மாறுமா?

நினைப்பதை விட அதிகமாகவே மாறும்.

1940இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேரிடம், ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை அரசு தடை செய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் 54 சதவீதம் "தடை செய்யலாம்" என்றார்கள். மறுபாதியிடம், அதே பேச்சுகளை அரசு அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். 75 சதவீதம் "அனுமதிக்கக் கூடாது" என்றார்கள். அனுமதிக்காமல் இருப்பதும் தடை செய்வதும் நடைமுறையில் ஒன்றுதான். ஆனால் "தடை" என்று வாயால் சொல்வதற்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. இந்த 21 புள்ளி வித்தியாசத்தை எந்தப் பிழை வரம்பும் காட்டிக்கொடுக்காது.

வரிசையும் முக்கியம். 1948இல், பனிப்போர் தொடங்கிய நேரத்தில், கம்யூனிஸ்ட் நாடுகளின் செய்தியாளர்கள் அமெரிக்காவுக்கு வந்து தாங்கள் பார்த்ததைத் தங்கள் பத்திரிகைக்கு எழுத விடலாமா என்று அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். எடுத்த எடுப்பில் கேட்டபோது 36 சதவீதம் பேர் "விடலாம்" என்றார்கள். இன்னொரு குழுவிடம், அமெரிக்கச் செய்தியாளர்களை ரஷ்யாவுக்குள் விட வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு இதைக் கேட்டார்கள். 73 சதவீதம். "நம் ஆள் அங்கே போகலாம் என்று இப்போதுதானே சொன்னோம், அவன் ஆள் இங்கே வரக் கூடாது என்று எப்படிச் சொல்வது?" என்ற நியாய உணர்வு நடுவில் புகுந்துவிட்டது. இதில் எது மக்களின் "உண்மையான" கருத்து என்று கேட்டால், இரண்டுமே என்றுதான் சொல்வேன். ஒன்று தன் பக்கத்தை மட்டும் பார்த்தபோது வந்தது, மற்றது எதிர்ப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோது வந்தது.

கருத்துதான் இப்படி ஆடும், நடந்த விஷயத்தைக் கேட்டால் ஆடாது என்று நினைக்கலாம். ஜெர்மனியில் 1980களில் தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்குக் கொடுத்த கட்டங்கள் "அரை மணி நேரம் வரை" என்று தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடிந்தன. அதில் 16 சதவீதம் பேர் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு முதல் கட்டமே "இரண்டரை மணி வரை", கடைசி "நாலரை மணிக்கு மேல்". இங்கே இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 37 சதவீதத்துக்கும் மேல். யாரும் டிவி முன்னால் கடிகாரம் வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. கட்டங்களைப் பார்த்ததும் "ஓ, நடுவில் இருப்பதுதான் சராசரி ஆள் போல" என்று ஊகித்து, தன்னை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்.

ஒன்றுமே தெரியாத விஷயத்துக்கும் பதில் சொல்வார்களா?

சொல்வார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஆய்வாளர்கள் "1975 பொது விவகாரச் சட்டத்தை" ரத்து செய்யலாமா என்று கேட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொன்னார். அப்படி ஒரு சட்டமே கிடையாது. "இதைப் பற்றி உங்களுக்கு ஏதாவது கருத்து உண்டா, யோசித்ததில்லையா?" என்று முதலில் வழிவிட்டுக் கேட்டால் இந்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிடும். நல்ல கணிப்பில் "தெரியாது" என்று சொன்னவர்களின் சதவீதமும் அச்சாகியிருக்கும். அதை விழுங்கிவிட்டு மீதியை நூறாகக் காட்டியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

பொய் சொல்கிறவர்களை என்ன செய்வது?

முழுப் பொய் சொல்கிறவர்கள் குறைவு. தன்னைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

2010இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்திய பிறகு கை கழுவுவீர்களா என்று தொலைபேசியில் கேட்டதற்கு 96 சதவீதம் பேர் எப்போதும் கழுவுவதாகச் சொன்னார்கள். அதே ஆய்வுக்காகப் பொது இடங்களில் நின்று கவனித்தவர்கள் கண்டது 85 சதவீதம். வாராவாரம் தேவாலயம் போவதாகச் சொன்ன அமெரிக்கர்கள் 40 சதவீதத்தைச் சுற்றி இருந்த காலத்தில், 1993இல் சிலர் தேவாலயங்களில் உண்மையில் வந்த தலைகளை எண்ணிக் கணக்குப் போட்டார்கள். சொன்னதில் பாதிதான் தேறியது. மதுவிலும் இதே கதைதான். பல நாடுகளில், மக்கள் குடிப்பதாகச் சொல்லும் அளவைக் கூட்டினால் கடைகளில் விற்ற அளவில் ஏறத்தாழ பாதிதான் வருகிறது. மீதியை யார் குடித்தார்கள் என்பது தெரியாத மர்மம் ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இன்னொன்று. இதுவரை எத்தனை பேரோடு உறவு கொண்டிருக்கிறீர்கள் என்று எந்த நாட்டில் கேட்டாலும், ஆண் பெண் உறவைப் பொறுத்தவரை, ஆண்களின் சராசரி பெண்களுடையதை விட அதிகமாகவே வரும். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் உள்ள சமூகத்தில் இது கணக்குப்படியே நடக்க முடியாத காரியம். இரு பக்கமும் எந்தத் திசையில் சாய்ந்து பேசுகிறார்கள் என்பதிலிருந்து, எது ஆணுக்குப் பெருமையாகவும் எது பெண்ணுக்குக் குறையாகவும் பார்க்கப்படுகிறது என்பது தெரிந்துவிடுகிறது. பொய்யும் ஒரு தகவல்தான்.

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. முகம் பார்த்துக் கேட்பதை விடக் கணினியில் தனியாகப் பதில் தரச் சொன்னால் சங்கடமான விஷயங்களை அதிகம் ஒப்புக்கொள்கிறார்கள். இன்னும் சாமர்த்தியமானது நாணய முறை. இதன் மூல யோசனையை 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். இன்று எளிதாக இப்படிச் செய்யலாம்: பதிலளிப்பவர் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் "ஆம்" என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் "ஆம்" என்றால் அது நாணயம் சொன்னதா, அவர் சொன்னதா என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் உண்மை வரும். இப்போது 1,000 பேரில் 600 பேர் "ஆம்" என்றார்கள் என்று வையுங்கள். சுமார் 500 "ஆம்" நாணயத்தால் வந்தவை. மீதி 500 பேரில் 100 பேர் உண்மையாகவே ஆம். ஆக 20 சதவீதம். தனி ஆள் யாரும் சிக்கவில்லை, கூட்டத்தின் கணக்கு மட்டும் கிடைத்துவிட்டது.

சொல்வதை வைத்து, அவர் என்ன செய்வார் என்று சொல்ல முடியுமா?

ஜாக்கிரதையாக. 1930களில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்தார். சீனர்கள் மீது வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள், ஒரே ஒரு இடத்தில்தான் திருப்பி அனுப்பினார்கள். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று எழுதிக் கேட்டார். பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் "மாட்டோம்" என்றார்கள்.

இங்கே சொல்லில் இருந்த வெறுப்பு செயலில் இல்லை. வாசலில் வந்து நிற்பவர் நன்றாக உடுத்தி, சிரித்துப் பேசும் இரண்டு மனிதர்கள். கடிதத்தில் இருந்தது ஓர் இனத்தின் பெயர். பெரும்பாலான மனப்பான்மைக் கேள்விகள் இந்தக் கடிதத்தைப் போன்றவை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: கணிப்பில் எல்லோரையும் ஏற்பதாகச் சொல்லிவிட்டு, வாடகைக்கு வீடு கேட்டு வரும்போது காரணம் தேடுகிறவர்கள்.

சரி, அன்றாட வாழ்க்கையைப் பற்றிக் கணிப்புகளால் என்னதான் தெரிகிறது?

"நேற்று" என்ற சொல்லோடு வரும் கேள்விகளைத் தேடிப் படியுங்கள். காலப் நிறுவனம் 2005 முதல் நடத்தும் உலகக் கணிப்பில், பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் இப்படிக் கேட்கிறார்கள்: நேற்று நன்றாக ஓய்வெடுத்தீர்களா? நேற்று உங்களை மரியாதையாக நடத்தினார்களா? நேற்று நிறையச் சிரித்தீர்களா? நேற்று பெரும்பகுதி நேரம் கவலையாக இருந்தீர்களா? "பொதுவாக நீங்கள் கவலைப்படுகிறவரா?" என்று கேட்டால் நாம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் கதையைச் சொல்வோம். நேற்றைக் கேட்டால், நேற்றைத்தான் சொல்ல முடியும்.

அதே கணிப்பில் இன்னொரு கேள்வி உண்டு. ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் உருவாக்கியது. பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஏணி. உச்சிப் படி உங்களுக்குச் சாத்தியமான மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? "உலகின் மகிழ்ச்சியான நாடு பின்லாந்து" என்று 2018 முதல் ஆண்டுதோறும் வரும் செய்தி இந்த ஏணிக் கணக்குதான். நேற்றுச் சிரித்தீர்களா என்ற கேள்வியை எடுத்தால் பட்டியலே வேறு. அதில் பராகுவே போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகள் மேலே வந்து நிற்கும். தன் வாழ்க்கையை எடை போட்டுப் பார்க்கும்போது திருப்தி வருவதும், நாள் முழுக்கச் சிரிப்பும் பேச்சுமாகப் போவதும் தனித்தனி விஷயங்கள். செய்தித் தலைப்பு இரண்டுக்கும் "மகிழ்ச்சி" என்று ஒரே பெயரை வைத்துவிடுகிறது.

பணத்தால் மகிழ்ச்சி வருமா என்ற பழைய சண்டையும் இதில்தான் சிக்கியது. 2010இல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து, ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் போனால் ஏணிப் படி ஏறுகிறது, ஆனால் அன்றாட மனநிலை அதற்கு மேல் கூடுவதில்லை என்றார்கள். பிறகு மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் வேறு முறையில் அளந்து, இல்லை, கூடிக்கொண்டேதான் போகிறது என்றார். கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் அறிக்கைப் போர் நடத்தாமல் சேர்ந்து உட்கார்ந்து தரவைப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் கூடிக்கொண்டே போகிறது, மிகவும் மனம் வருந்தியிருக்கும் சிறுபான்மையினருக்கு மட்டும் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது என்று 2023இல் எழுதினார்கள்.

"நான் நன்றாக இருக்கிறேன், நாடுதான் சரியில்லை" என்று எல்லோரும் சொல்வது ஏன்?

கணிப்புகள் கண்டுபிடித்ததிலேயே எனக்கு மிகவும் சுவாரசியமானது இதுதான். தன் குடும்ப நிலைமை பரவாயில்லை, நாட்டின் பொருளாதாரம் மோசம். என் பிள்ளையின் பள்ளி நல்ல பள்ளி, நாட்டின் கல்விதான் கெட்டுவிட்டது. எங்கள் தெரு பாதுகாப்பானது, மற்ற இடங்களில்தான் குற்றம். ஒவ்வொருவரும் தன்னை மட்டும் விதிவிலக்கு என்று நினைத்தால், விதி எங்கே இருக்கிறது?

குற்றத்தை எடுத்துக்கொள்வோம், அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கப் போலீஸ் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1993க்கும் 2022க்கும் இடையில் வன்முறைக் குற்ற விகிதம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அதே காலத்தில் காலப் நடத்திய கணிப்புகளில் பெரும்பாலானவற்றில், 60 சதவீதமோ அதற்கு மேலோ "நாட்டில் போன ஆண்டை விடக் குற்றம் கூடிவிட்டது" என்றார்கள். உங்கள் பகுதியில் கூடியதா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் எப்போதும் அதைவிடக் குறைவு. சொந்தத் தெருவை நாம் கண்ணால் பார்க்கிறோம். நாட்டைச் செய்தியில் பார்க்கிறோம், செய்தியில் திருட்டு நடக்காத தெருக்கள் வருவதில்லை.

இதை வைத்து "மக்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடிவு கட்டுவது தவறு. தங்களைச் சுற்றியுள்ளதைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் நம்பத் தகுந்தது. அதனால் நாட்டைப் பற்றிய கேள்வியும் வீட்டைப் பற்றிய கேள்வியும் ஒரே கணிப்பில் இருந்தால், நான் வீட்டு எண்ணை முதலில் பார்ப்பேன். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரிந்தால் அதுவே தனிச் செய்தி.

மக்கள் மனம் உண்மையில் மாறுகிறதா, இல்லை கேள்விதான் மாறுகிறதா?

ஒரே கேள்வியை ஒரே சொற்களில் பல ஆண்டு திரும்பக் கேட்டால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். கேள்வியில் கோணல் இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கோணல் எல்லா ஆண்டும் ஒரே அளவு இருக்கும். மாற்றம் மட்டும் தனியாகத் தெரியும். கருத்துக்கணிப்பின் பெரிய கொடை இந்த நீண்ட கோடுகள்தான். ஒரு நாள் எண்ணுக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை.

கறுப்பினத்தவரும் வெள்ளையரும் திருமணம் செய்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று காலப் 1958இல் கேட்டபோது 4 சதவீதம் ஏற்றார்கள். 2021இல் 94 சதவீதம். ஓர் ஆயுட்காலத்துக்குள் ஒரு நாட்டின் மனம் தலைகீழானதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன. இதில் ஒரு பகுதி, பழையவர்கள் இறந்து புதியவர்கள் வந்ததால் நடந்தது. ஆனால் அது மட்டும் போதாது, இருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள். சட்டம் முந்தியது, மனம் பிந்தியது என்பதும் கோட்டில் தெரியும்: அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய திருமணத் தடைகளை 1967இல் நீக்கிவிட்டது, ஆதரவு பாதியைத் தாண்டியது 1990களில்தான்.

பழைய கேள்வித்தாளைப் படித்தால் பதிலை விடக் கேள்வி அதிகம் பேசும். "மற்ற எல்லா வகையிலும் தகுதி இருந்தால், ஒரு பெண்ணை அதிபராக்க வாக்களிப்பீர்களா?" என்று 1937இல் கேட்டார்கள். 33 சதவீதம் ஆம் என்றார்கள். அந்த "மற்ற எல்லா வகையிலும்" என்பதைக் கவனியுங்கள். பெண்ணாக இருப்பதே ஒரு தகுதிக் குறைவு என்பது கேள்வி எழுதியவருக்கே உறுத்தவில்லை.

கணிப்பு வெளியானதும் மக்கள் ஜெயிக்கிற பக்கம் சாய்ந்துவிட மாட்டார்களா?

சிலர் சாய்வார்கள், சிலர் தோற்கிறவர் மீது இரக்கப்பட்டு எதிர்ப்பக்கம் போவார்கள், சிலர் "எப்படியும் ஜெயித்துவிடுவார்" என்று வாக்களிக்கவே போகமாட்டார்கள். மூன்றும் ஓரளவு ஒன்றையொன்று கழித்துவிடும். பேச்சில்தான் கூடுதல் விளைவு. தன் கருத்து சிறுபான்மை என்று தோன்றினால் ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், அதனால் அது இன்னும் சிறுபான்மையாகத் தெரிகிறது என்று ஜெர்மன் ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் எழுதினார். மௌனச் சுழல் என்பார்கள்.

செய்தியில் ஒரு கணிப்பைப் பார்த்தால் முதலில் எதைப் பார்ப்பது?

சதவீதத்தை மறைத்துக்கொண்டு கேள்வியைப் படியுங்கள். கேட்ட சொற்கள் அப்படியே வெளியிடப்படவில்லை என்றால் மேலே படிக்க வேண்டிய அவசியமில்லை. கேள்வி கிடைத்தால், அதே விஷயத்தை எதிர்த் தரப்பு ஆள் எப்படிக் கேட்டிருப்பார் என்று ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். பிறகு யார் காசில் நடந்தது, எந்தத் தேதிகளில், ஆட்களை எப்படிப் பிடித்தார்கள் என்பது. கடைசியாக, இதே கேள்விக்குப் போன முறை என்ன பதில் வந்தது. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் பழைய எண்ணோடு ஒப்பிட்டு "சரிந்தது ஆதரவு" என்று எழுதும் வழக்கம் ஊடகங்களில் உண்டு. அந்தச் சரிவு பெரும்பாலும் கேள்வித்தாளில் நடந்தது.

எனக்கே அழைப்பு வந்தால் பதில் சொல்லலாமா?

சொல்லலாம், நேரமிருந்தால் சொல்லுங்கள். பதில் சொல்கிறவர்கள் குறையக் குறைய, பேசப் பிடித்தவர்களின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடுகிறது. எந்த நிறுவனம், எதற்காக, எவ்வளவு நேரமாகும், பெயர் வெளியாகுமா என்று முதலில் கேளுங்கள். உண்மையான கணிப்பாளர் இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பார். வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், ஓடிபி கேட்டால் அது கணிப்பு அல்ல, துண்டித்துவிடுங்கள். ஒரு வேட்பாளரைப் பற்றி "இன்னார் இந்த ஊழலைச் செய்தார் என்று தெரிந்தால் அவருக்கு வாக்களிப்பீர்களா?" என்ற பாணியில் கேள்விகள் வந்தால், அது கணிப்பு வேடம் போட்ட பிரசாரம். மற்றபடி, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல விருப்பமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தெரியாவிட்டால் தயங்காமல் தெரியாது என்று சொல்லுங்கள், அதற்கும் அவர்கள் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது.